1972-லேயே நின்றுபோன கணக்கு

உலக வரைபடத்தில் ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே, மடகாஸ்கரையும் தாண்டிப் போனால் ஒரு சிறு புள்ளி தெரியும். அதுதான் மொரீசியஸ். மொத்தமே சுமார் 2,040 சதுர கிலோமீட்டர். அதற்குள் 12 லட்சத்துக்கும் அதிகமான மக்கள். சதுர கிலோமீட்டருக்கு 600 பேருக்கு மேல்!

இதில் வேடிக்கை என்னவென்றால், அங்கே பூர்வகுடி என்று யாருமே கிடையாது. டச்சுக்காரர்கள் 1638ல் குடியேறி, பிறகு விட்டுவிட்டுப் போனார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். புதுச்சேரிப் பக்கமிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் போனதும் அந்தக் காலத்தில்தான். 1810ல் தீவு ஆங்கிலேயர் கைக்கு மாறியது. 1834 முதல் கரும்புத் தோட்டங்களுக்காக இந்தியாவிலிருந்து ஏறக்குறைய 5 லட்சம் ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறினார்கள். சீன வணிகர்களும் வந்து சேர்ந்தார்கள்.

1968ல் சுதந்திரம் கிடைத்தபோது சிறிய சமூகங்களுக்கு ஒரு பயம் இருந்தது. பெரும்பான்மை ஓட்டில் நாம் காணாமல் போய்விடுவோமோ என்ற நியாயமான பயம். அதற்காகச் செய்த ஏற்பாடு இது: 62 பேர் நேரடித் தேர்தலில் வருவார்கள். தோற்றவர்களிலிருந்து, இடம் குறைந்த சமூகத்தைப் பார்த்து, மேலும் 8 பேர் வரை சேர்த்துக்கொள்ளலாம்.

அரசியல் சட்டம் சொல்லும் சமூகங்கள் நான்கு. இந்து, முஸ்லிம், சீனர். வாழும் முறையைப் பார்த்தால் இந்த மூன்றிலும் சேராதவர் எல்லோரும் 'பொது மக்கள்'! தமிழர், தெலுங்கர், மராத்தியர் எல்லோரும் இந்து என்ற ஒரே தலைப்பின் கீழ் வந்துவிட்டார்கள்.

யார் எத்தனை பேர் என்று கடைசியாக எண்ணியது 1972ல். மக்களைக் கூறு போட வேண்டாம் என்று 1982ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 1983 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்தக் கேள்வியே இல்லை. நல்ல விஷயம்தான். ஆனால் அந்த 8 இடங்களைப் பங்கிட மட்டும் 1972 கணக்கையே வைத்துக்கொண்டார்கள்.

வணிகவியல் படிக்கும் நண்பர்களுக்கு இது உடனே புரியும். ஐம்பது வருடம் பழைய ஐந்தொகையை வைத்து இந்த வருட லாபத்தைப் பங்கு போட்டால் எந்தத் தணிக்கையாளராவது கையெழுத்துப் போடுவாரா? இன்று அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் 1972ல் பிறக்கவே இல்லை!

வேட்பாளர் தன் சமூகத்தைச் சொல்லியே ஆகவேண்டும் என்பது தவறு என்று 2012ல் ஐ.நா. மனித உரிமைக் குழு சொன்னது. 2014 தேர்தலுக்கு மட்டும் அந்தக் கட்டாயத்தைத் தளர்த்தினார்கள். பழைய கணக்கு மாறவில்லை.

புதிதாக எண்ணினால் பழைய சண்டைகள் கிளம்பும். ஏற்பாட்டையே எடுத்துவிட்டால் சிறுபான்மையினரின் பழைய பயம் திரும்பும். அதனால்தான் எந்த அரசும் தயங்குகிறது. ஆனால், தன்னை எந்தப் பெட்டியிலும் அடைக்க விரும்பாத இருபது வயது மொரீசியக்காரருக்கு, அவர் பிறக்கும் முன்பே எடுத்த கணக்கில் இடம் எங்கே?