பதிவு, வருகை, சாப்பாடு

ஓட்டுப் போடப் போகிறவர்கள் வாக்குச்சாவடியில் எதைப் பார்ப்பார்களோ, நான் கரும்பலகையின் மூலையைப் பார்ப்பேன். சாவடி என்றால் பெரும்பாலும் பள்ளிக்கூடம்தானே. மை வைக்க விரலை நீட்டிக்கொண்டு நிற்கும்போது, அழிக்க மறந்த ஓரத்தில் தேதிக்குக் கீழே 'பதிவு 31, வருகை 28' என்றிருக்கும். வேட்பாளர் பட்டியலைவிட எனக்கு அதுதான் சுவாரசியம். அந்த மூன்று பேர் எங்கே போனார்கள்?

நியாயமாக மூன்றாவது வரி ஒன்றும் இருக்க வேண்டும். பதிவு, வருகை, சாப்பாடு. அதை எந்த ஆசிரியரும் பலகையில் எழுதி நான் பார்த்ததில்லை. அது துண்டுச் சீட்டில் ஏறி, வகுப்புத் தலைவன் கையில் சத்துணவுக் கூடத்துக்குப் போகும். எங்கள் ஊர்ப் பள்ளியில் அதை வாங்கி, பார்க்காமலே புளி டப்பாவுக்கு அடியில் செருகி வைப்பவள் என் அம்மா. அம்மாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது, எண் தெரியும். ஆனாலும் பார்க்க மாட்டாள். சீட்டு வரும்போது அரிசி ஏற்கெனவே உலையில் கிடக்கும்.

1982 ஜூலை 1 அன்று திருச்சிக்குப் பக்கத்தில் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியதைப் பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் வரலாறாகப் படிக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு அது வேலைக்கான ஆர்டர். மையத்துக்கு ஓர் அமைப்பாளர், ஒரு சமையலர், ஓர் உதவியாளர். கைம்பெண்களுக்கும் ஆதரவற்றவர்களுக்கும் முன்னுரிமை. அப்பா இறந்து அப்போது அதிக காலம் ஆகவில்லை. "இருந்தப்ப வாங்கித் தராத வேலையச் செத்து வாங்கித் தந்துட்டான்" என்பார் அப்பத்தா, தன் மகனைப் பற்றி. கொடூரமான பேச்சு. தகவல் பிழை மட்டும் இல்லை.

எங்களுக்கு இந்தத் திட்டம் புதிதும் அல்ல. காமராஜர் 1956-ல் மதிய உணவைத் தொடங்கிவைத்த எட்டயபுரம் எங்கள் கரிசல் சீமைதான். அதற்கும் முன்னால், 1920-லேயே, பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்க முடிவு செய்தது. தலைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் என்று நிபந்தனை. அந்த 'மிகாமல்' எனக்கு மிகவும் பிடிக்கும். தர்மம் செய்கிற இடத்திலும் ஆடிட்டர் ஒருவர் கூடவே உட்கார்ந்திருக்கிறார்.

அம்மாவின் ஆடிட்டர் வேறு. சின்ன வகுப்புப் பிள்ளைக்குத் தலைக்கு 100 கிராம் அரிசி. பத்துப் பேரைக் கூட்டிக் கணக்கிட்டால் ஒரு கிலோ அரிசிச் சோறு மிஞ்சி நாறும். குறைத்துக் கணக்கிட்டால் கடைசி வரிசை தட்டோடு நிற்கும். ஆகவே அவள் கணக்கு அதிகாலையில், தெருக்குழாயடியில் ஆரம்பிக்கும். நாலரைக்குத் தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வரும். தூக்குச்சட்டியோடு யார் ஏறுகிறார்கள் என்று குடத்தை இடுப்பில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருப்பாள். குச்சி அடுக்கவும் லேபிள் ஒட்டவும் போகிற பிள்ளைகள், பாதித் தூக்கத்தில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தபடி. ஒரு தலை ஏறினால் நூறு கிராம் கழியும். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. எங்கள் ஊர் வண்டிக்கு அந்தச் செய்தி வந்துசேரப் பல வருஷம் பிடித்தது.

பிறகு வானம். மழை பெய்து காட்டில் கால் வைக்க முடியாத நாளில் கூட்டம் கூடும், ஏனென்றால் களை எடுக்கப் போக முடியாது. கடலை பிடுங்கும் நாளில் குறையும். ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடிக்கு நடக்கிறவர்கள் போக மிச்சம் எத்தனை என்பது அவளுக்கு ஒருவாரம் முன்பே தெரியும். சீட்டில் 94 என்றிருக்கும். அம்மா 88 பேருக்குப் போட்டிருப்பாள். பந்தியில் 88 பேர்தான் உட்காருவார்கள். மிச்ச அறுநூறு கிராம் நோட்டுப் புத்தகத்தில் மட்டும் எப்படி வெந்தது என்பது தனிக் கட்டுரைக்கு உரிய விஷயம். எழுத மாட்டேன்.

உட்காராதவர்களும் அந்தக் கணக்கில் உண்டு. கீழத்தெருவில் ஐந்து வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கு வருவார்கள், சோற்றுக்கு வரமாட்டார்கள். "அவுக நம்ம கையில தின்ன மாட்டாக" என்று, உப்புத் தீர்ந்துவிட்டது என்பதைச் சொல்லும் அதே குரலில் அம்மா சொல்வாள். எனக்கு அந்தக் குரல் வாய்க்கவில்லை. 2023-லும் எட்டயபுரம் பக்கத்து உசிலம்பட்டியில், சமைப்பவர் பட்டியல் சாதிப் பெண் என்பதால் பிள்ளைகள் காலை உணவைத் தொடவில்லை என்று செய்தி வந்தது. அமைச்சரும் எம்.பி.யும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. பேப்பரை நாலாக மடித்து வைத்துவிட்டேன். அதைப் படித்துக் காட்ட அம்மா இல்லாதது ஒரு வகையில் நல்லது. "அஞ்சு வீடா, ஆறா?" என்றுதான் கேட்டிருப்பாள்.

எந்தக் கணிப்பும் செல்லாத நாள் ஒன்று உண்டு, முட்டை நாள். கலைஞர் 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று கொண்டுவந்தார். பின்னால் அது வாரம் ஐந்து வரை வளர்ந்துவிட்டதால், இப்போதைய பிள்ளைகள் முட்டையைப் பார்த்துக் கொட்டாவி விடுகிறார்கள். எங்களுக்கு அது அமாவாசை, பௌர்ணமி மாதிரி நாள் பார்த்து வருவது. அன்று தீப்பெட்டி ஆபீஸ் போகிறவனும் வயிற்றுவலி என்று வண்டியை விட்டுவிட்டுப் பள்ளிக்கு வருவான். அப்படி ஒருநாள் முட்டையைவிடத் தலைகள் அதிகமாகிவிட்டன. அமைப்பாளர் அக்கா பெரிய சாரைப் பார்க்க, பெரிய சார் கூரையைப் பார்க்க, அம்மா முந்தானை ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவினாள். ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறு முனையை விரலில் சுற்றி இழுத்து, உரித்த முட்டையை அதில் வைத்து அழுத்தினாள். கத்தி பட்டால் மஞ்சள் கரு உதிரும், ஓரம் பிசிறும். நூலில் அறுத்தால் இரண்டு பக்கமும் ஒரே அளவு, வழவழவென்று. பெரிய வகுப்புப் பையன்களுக்குப் பாதி, சின்னதுகளுக்கு முழுசு. நான் அப்போது ஆறாவது. சரியாகச் சொன்னால், பாதியிலும் மஞ்சள் கரு ஒதுங்கிப்போன பாதி எனக்கு வந்தது. ஆயா மகன் தட்டைத்தான் ஊரே எட்டிப் பார்க்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

இத்தனை துல்லியமும் வீட்டில் ஒன்றுக்கும் உதவவில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருக்கு வடித்த சோறு திங்கள் ராத்திரி வரை பழையதாக ஓடும்.

சம்பளம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. காலமுறை ஊதியம் வேண்டும் என்று சத்துணவு ஊழியர்கள் கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்காராத வருஷம் குறைவு. ஊருக்குச் சோறு போடுகிறவர்கள் எடுத்துக்கொண்ட ஆயுதம் உண்ணாவிரதம். இதை அங்கே யாரும் நகைச்சுவையாக நினைத்ததாகத் தெரியவில்லை. அம்மாவும் ஒருமுறை போனாள். அன்றைக்குப் பள்ளியில் மாற்று ஏற்பாடு. யாரோ வந்து எதையோ வேகவைத்தார்கள். சாம்பாரில் உப்பே இல்லை. கடைசி பஸ்ஸில் வந்து இறங்கியவள், பையை வைக்கும் முன்னால் என்னைக் கேட்டாள்:

"இன்னைக்கு எத்தன தட்டுய்யா?"

"எழுவது இருக்கும்."

"இருக்கும்னா? எண்ணலயா நீயி?"

யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்று வரிசையாகச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். விரலை மடக்கிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிறுத்தி, வடக்குத் தெருவில் ஒரு வீட்டின் மூன்று பெண் பிள்ளைகளையும் பெயர் சொல்லிக் கேட்டாள். மூன்றும் வரவில்லை. டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

"பகலெல்லாம் பட்டினி கெடந்தவ ஒரு வாய் கஞ்சி குடிச்சிட்டுப் போனா, அந்த வீடு எங்கயும் ஓடியா போயிரும்?" என்று அப்பத்தா கத்தினார்.

அம்மா இருட்டில் காலால் செருப்பைத் துழாவிக்கொண்டே சொன்னாள்: "விடிஞ்சா வண்டி நாலரைக்கே வந்துரும் அத்தே."