எங்கள் வீடும் புத்தகத்தில் வரட்டும்



பிள்ளைகளுக்குப் புத்தகம் தெரிவு செய்வதில் நான் விட்ட ஒரு பிழையைப் பற்றி எழுதுகின்றேன். அந்தப் பிழையை எனக்குச் சுட்டிக்காட்டியவர் உங்களைப் போன்ற ஒரு தாய்.

2013 ஆம் ஆண்டு. சமூகவியலில் பட்டம் பெற்று, சமூகப் பணியாளராக நான் முதலில் சென்ற இடம் முல்லைத்தீவு மாவட்டத்தில் மீள்குடியேறிய ஒரு கிராமம். செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. அநேகமானோர் தறப்பாள் கொட்டில்களிலும் தகரக் கொட்டில்களிலுமே வாழ்ந்தார்கள். பொதுநோக்கு மண்டபத்தில் சிறுவர்களுக்கென வாசிப்பு மூலை ஒன்றை அமைக்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது.

அன்பளிப்பாகப் பெட்டி பெட்டியாகப் புத்தகங்கள் வந்தன. வெளிநாட்டுப் புத்தகங்களில் பிள்ளைகள் பனியில் விளையாடினார்கள். அப்பா காரில் வேலைக்குப் போனார். தமிழ்நாட்டுப் புத்தகங்களும் இருந்தன. அவற்றை வாசிக்கும்போது பிள்ளைகள் இடையில் மறித்து, "பப்பாளி எண்டால் என்னக்கா? வேர்க்கடலை எண்டால் என்ன?" என்று கேட்பார்கள். நம்முடைய பப்பாசியும் கச்சானும்தான் என்று சொன்னதும், "இதுக்கே இவ்வளவு?" என்று சிரிப்பார்கள்.

அங்கே எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் வருவான். வாசிக்க மாட்டான். படங்களை மட்டும் புரட்டிவிட்டு வைத்துவிடுவான். ஒரு நாள் கேட்டான்: "அக்கா, எங்கட வீடு மாதிரி வீடு ஒரு புத்தகத்திலையும் இல்லையோ?"

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. பல்கலைக்கழகத்தில் படித்தது நினைவுக்கு வந்தது. 1965 இல் அமெரிக்காவில் நான்சி லாரிக் என்ற பெண்மணி, மூன்று ஆண்டுகளில் வெளிவந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சிறுவர் புத்தகங்களை ஆராய்ந்தார். கறுப்பினத்தவர் ஒருவராவது வரும் புத்தகங்கள் நூற்றுக்கு ஏழு கூட இல்லை என்று கண்டார். தம்மைப் போன்ற ஒருவரை ஒருபோதும் புத்தகத்தில் காணாத பிள்ளை, புத்தகம் வேறு யாருக்கோ உரியது என்றுதான் எண்ணும். இந்தச் சிறுவனுக்கு நடப்பதும் இதுதான் என்று எனக்குப்பட்டது.

அவனுடைய தகப்பன் 2009 இல் காணாமற் போனவர். ஆகவே, அவனுக்கு ஏற்றது என்று நம்பி, போரில் தகப்பனை இழந்த ஒரு சிறுவனைப் பற்றிய கதைப் புத்தகத்தைத் தேடிப்பிடித்தேன். எல்லாப் பிள்ளைகளையும் இருத்தி உரத்து வாசித்தேன். கடைசிப் பக்கத்தில் தாயும் மகனும் தகப்பனின் கல்லறையில் பூ வைக்கிறார்கள். நான் நிமிர்ந்து பார்த்தபோது அவன் அங்கே இல்லை.

அடுத்த நாள் தாய் வந்தார். கோபிக்கவில்லை. வாங்கில் இருந்து, சேலைத் தலைப்பைப் பிடித்தபடி சொன்னார்:

"தங்கச்சி, அவர் இல்லை எண்டு நான் இன்னும் என்ர பிள்ளைக்குச் சொல்லேல்லை. எனக்கே தெரியாத ஒண்டை எப்பிடிச் சொல்லுறது? நீங்கள் எல்லாருக்கும் முன்னால வாசிச்சுப்போட்டியள். ராத்திரி முழுக்க, அப்பாவுக்கும் கல்லறை இருக்கோ எண்டு கேட்டுக்கொண்டே கிடந்தவன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. மன்னிப்புக் கேட்டேன். சிறிது நேரம் கழித்து, நான் என்ன செய்யலாம் என்று கேட்டேன்.

"அவன் தூண்டில் போடுறதில கெட்டிக்காரன். போன கிழமை குளத்தில இவ்வளவு பெரிய விரால் பிடிச்சவன். அதை மாதிரி ஒரு கதை இருந்தால் வாசியுங்கோவன்."

பட்டப்படிப்பில் எனக்குக் கிடைக்காத பாடம் அது. பிள்ளை தன் வீட்டைப் புத்தகத்தில் காணக் கேட்டான். நானோ அவனுடைய காயத்தைக் காட்டினேன். தகப்பன் வீட்டில் இல்லை என்பது அவனைப் பற்றிய ஒரு செய்தி மாத்திரமே. அவனிடம் தூண்டில் இருந்தது, ஒரு குளம் இருந்தது, கூலிவேலைக்குப் போகும் அம்மா இருந்தார், பகிடி விடும் அம்மம்மா இருந்தார்.

விரால் பிடிக்கும் கதை எந்தப் பெட்டியிலும் இருக்கவில்லை. ஆகவே நாங்களே செய்தோம். பழைய கலண்டர்த் தாள்களின் பின்பக்கத்தை எடுத்து, நடுவில் மடித்து, ஊசி நூலால் தைத்தோம். அவன் சொன்னான், நான் எழுதினேன், படங்களை அவனே கீறினான். தகரக் கொட்டில், வாசலில் அம்மம்மா, சட்டியில் மீன். அப்பாவைக் கீறுவதா இல்லையா என்று நான் கேட்கவில்லை. அவன் கீறவுமில்லை. எழுதி முடித்ததும், எழுத்துக்கூட்டி, மெதுவாக, முழுவதையும் மற்றப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினான்.

அதன் பின்னர் மற்றப் பிள்ளைகளும் வந்தார்கள். ஜெய்ப்பூர் கால் அணிந்திருந்த ஒரு சிறுமி, தான் மாமரம் ஏறிய கதையைச் சொன்னாள். காலைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. படத்தில் மட்டும் காலைச் சரியாகக் கீறியிருந்தாள்.

இது நமக்குப் புதிய வழியல்ல. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் சிறுவர்களுக்குப் பாடியபோது ஆடிப்பிறப்புக் கூழையும் கொழுக்கட்டையையும் கத்தரித் தோட்டத்து வெருளியையும்தான் பாடினார். பிள்ளை தன் வளவில் காண்பதையே பாட்டிலும் கண்டது.

நம் பிள்ளை தன்னைக் காண்பதோடு பிறரையும் காண வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் ஒரு பகுதியினர் போர் முடிந்த பின்னர் திரும்பி வந்திருக்கிறார்கள். உம்மாவும் வாப்பாவும் வரும் கதையை நம் பிள்ளைகள் வாசித்திருந்தால், வகுப்பில் பக்கத்தில் இருக்கும் பிள்ளை அவர்களுக்கு அந்நியமாகத் தெரியாது. மலையகத்து லயத்தில் கொழுந்து எடுக்கும் தாயின் பிள்ளைக்கும், தெற்கிலே சிங்களம் பேசும் பிள்ளைக்கும் இது பொருந்தும்.

பிள்ளைக்கு ஒரு புத்தகத்தைக் கொடுக்கும் முன்னர் நான் இப்போது சிலவற்றைப் பார்க்கின்றேன். இதில் நம்மைப் போன்றவர் இருக்கிறாரா? இருந்தால் அவர் கதையை நடத்துகிறாரா, அல்லது யாராவது வந்து இரக்கப்படுவதற்காக நிற்கிறாரா? கறுப்பு நிறத்தவரும் ஏழையும் உடற்குறை உள்ளவரும் சிரிப்புக்கு ஆளாகிறார்களா? தாய் சமையலறையில் மட்டும் நிற்கிறாளா? இழப்பைப் பற்றிய கதையானால், முதலில் தாயிடம் காட்டிக் கேட்கின்றேன். பிள்ளையே கேட்டாலன்றிக் கூட்டத்தில் வாசிப்பதில்லை. அத்தகைய கதைகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எப்போது, யாருடன் இருந்து வாசிப்பது என்பதைக் குடும்பமே தீர்மானிக்க வேண்டும்.

புத்தகம் வாங்கப் பணம் இல்லையே என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. பிரதேச சபை நூலகத்தில் சிறுவர் பகுதி இருந்தால் பிள்ளையைக் கூட்டிச் செல்லுங்கள். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015 இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் தமிழ்ச் சிறுவர் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. கைத்தொலைபேசியிலும் வாசிக்கலாம், அச்சிடவும் முடியும். அவை பெரும்பாலும் இந்தியக் கதைகள். பாட்டி என்று வரும் இடத்தில் அம்மம்மா என்று வாசியுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

எழுத்து வராதே என்று பின்வாங்க வேண்டாம். நீங்கள் சொல்லுங்கள், பிள்ளை எழுதட்டும். கிணறு இறைத்த கதை, ஆடு தொலைந்து கிடைத்த கதை, முதன்முதலாகச் சைக்கிள் ஓடி விழுந்த கதை. சுவரில் தொங்கும் பழைய கலண்டரை மட்டும் எறிந்துவிடாதீர்கள். அந்தத் தாள்களின் பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கிறது.