நெஞ்சில் பிறக்காத இருமல்

எங்கள் உம்மும்மாவுக்கு மூன்று மாதமாக இருமல். சளியில்லை, காய்ச்சலில்லை. படுக்கையில் சாய்ந்ததும் தொடங்கிவிடும். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தோம். பாணி மருந்தும் முடிந்தது. ஸப்பில் நிற்பவர்களுக்கு இடைஞ்சல் என்று, அந்த ரமழானில் தராவீஹ் தொழப் போவதையே அவர் நிறுத்திவிட்டார். இருமலைவிட அதுதான் எங்களை வருத்தியது.

சளிப் பரிசோதனையிலும் நெஞ்சுப் படத்திலும் குறையில்லை. பிறகு டொக்டர் கேட்டது இருமலைப் பற்றியே அல்ல. "ராவைக்கு எத்தன மணிக்குச் சாப்பிடுவீங்க? சாப்பிட்டு எவ்வளவு நேரத்தால படுப்பீங்க?"

இரைப்பையில் ஐதரோகுளோரிக் அமிலம் சுரக்கிறது என்று உயிரியலில் படிக்கிறோம். உணவுக்குழாயின், அதாவது எங்கள் பாடநூல் சொல்லும் களத்தின், அடியிலுள்ள இறுக்கித் தசை அதை மேலே வரவிடாமல் காக்கிறது. அது தளர்ந்தால், படுக்கும்போது அமிலம் மேலேறும். சிறு துளி குரல்வளையைத் தொட்டாலே இருமல் வரும். அவ்வளவு தூரம் ஏறாவிட்டாலும் வரலாம். களத்துக்கும் சுவாசப்பாதைக்கும் வேகஸ் நரம்பு பொதுவானது. கீழே எரிந்தால் மேலே இருமல் தூண்டப்படும். நெஞ்செரிவே இல்லாமலும் இப்படி நடக்கும். உம்மும்மாவுக்கும் நெஞ்செரிவு இருக்கவில்லை.

டொக்டர் மாத்திரை தந்தார். இராச்சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையில் 3 மணி நேரம் விட்டோம். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குப் பலகை வைத்து 15 சென்ரிமீற்றர் உயர்த்தினோம். நோன்பு திறந்ததும் எண்ணெய்ப் பலகாரம், ஸஹர் முடிந்து ஸுபஹ் தொழுததும் தூக்கம் என்ற எங்கள் வீட்டு வழக்கமும் மாறியது. குணம் ஒரே நாளில் வரவில்லை. இரண்டு மாதம் சென்றது.

வயிற்றில் மூன்றில் ஒரு பங்கை மூச்சுக்கு விடும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். சிறுவயது முதல் கேட்ட அந்த நபிமொழியின் அருமை, வயிறு மூச்சை வருத்துவதைக் கண்ட பிறகே எனக்கு விளங்கியது.

எல்லா இருமலுக்கும் வயிறு காரணமல்ல. ஆஸ்துமா, மூக்கிலிருந்து தொண்டைக்கு வடியும் சளி, சில பிரஷர் மாத்திரைகள், காசநோய் என்று காரணங்கள் பல. அதனால் இரண்டு வாரம் கடந்த இருமலை டொக்டரிடம் காட்டவேண்டும். முக்கியமாக, மற்றவர்களுக்குத் தொந்தரவு என்று தங்கள் வருத்தத்தை மறைத்துக்கொண்டு ஒதுங்கும் மூத்தவர்களை நாம்தான் கூட்டிக்கொண்டு போகவேண்டும். அவர்களாக வந்து கேட்கமாட்டார்கள்.