உபயம் எழுதாத போர்வை

ஒருவரை மதித்துத் துணி கொடுப்பதென்றால் அது கோடித் துணியாக இருக்க வேண்டும் என்பது நம் மரபு. ஓரத்தில் மஞ்சள் தடவி, மடிப்புக் கலையாமல், தட்டில் வைத்து நீட்டுவோம். உடுத்துக் களைந்ததைக் கொடுப்பது வேறு கணக்கு. 2018 ஆகஸ்டு வெள்ளத்தின்போது துயர் துடைப்பு முகாம் ஒன்றில் வந்து குவிந்த துணிகளைப் பிரிக்கும் பணியில் நானும் இருந்தேன். பொத்தானற்ற சட்டைகளும் கிழிந்த உள்ளாடைகளும் மூட்டை மூட்டையாக வந்தன. பழந்துணித் தானம் என்ற சொல்லே அன்று முதல் எனக்குக் கசந்துவிட்டது.

ஆகவே, மூணாற்றுப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் படுத்த படுக்கையாக இருக்கும் தம் பெரியம்மாவுக்குப் பழம்புடவைகளைக் கொண்டு போர்வை தைக்கப் போவதாக என் துணைவியார் சொன்னபோது, "புதுக் கம்பளியாக ஒன்று வாங்கிவிடலாமே?" என்றேன்.

"படுக்கையிலே கெடக்கிறவங்களுக்குக் கம்பளி உறுத்துமுங்க. அதை யார் தொவைச்சு, எங்கே காயப்போடறது?"

அதற்கு என்னிடம் விடையில்லை. சிற்றூர் வட்டத்து வெயிலில் வாழும் நமக்கு அந்த மலையின் ஈரம் தெரியாது. ஆனி, ஆடியில் நாள் கணக்காகச் சூரியனைக் காண முடியாது; சனவரி விடியலிலோ புல்லின்மேல் உறைபனி வெளுத்திருக்கும். தோட்டத்து லயத்தில் வீடு என்பது வேலையோடு ஒட்டியது. ஓய்வு பெற்றவர் மகனோ மகளோ அங்கே கொழுந்து பறித்தால்தான் அந்த அறையில் தொடர்ந்து படுத்திருக்கலாம். அத்தகைய வீட்டில் துவைத்த அன்றே உலரும் துணிதான் துணி. இலவம்பஞ்சு வைத்தால் நனைந்து கட்டி தட்டிவிடும் என்று நடுவிலும் ஒரு பழைய பருத்தி விரிப்பையே வைத்தார்.

எங்கள் தெருப் பெண்கள் அறுவர் சேர்ந்துகொண்டனர். திருப்பூர் வெட்டுத்துணி மலிவாகக் கிடைக்கும்; ஆயினும் பனியன் துணி இழுபட்டுக் கோணிக்கொள்ளும் என்று அதைத் தள்ளிவிட்டு, பலமுறை துவைத்து மெத்தென்றான பருத்திச் சேலைகளை மட்டுமே எடுத்தனர். இதய வடிவம் எங்கள் மகளின் யோசனை. சீட்டாட்டப் பிரியரான அண்டை வீட்டுப் பெரியவர், "முப்பதும் ஆட்டினா? ரம்மி சேராதே!" என்றார். அலுவலகத்தில் கழித்துப்போட்ட கோப்பு அட்டை ஒன்றை இரண்டாக மடித்துப் பாதி இதயம் வரைந்து வெட்டியதுதான் நான் செய்த ஒரே கைங்கரியம். அதை வைத்துத் துணியைக் கால் அங்குலம் கூட்டி வெட்டி, மேற்பிளவில் ஒரு சிறு வெட்டுப் போட்டு, ஓரத்தை உள்மடித்துச் சதுரத்தின்மேல் தைப்பார்கள். நம் தேர்த் தொம்பைகளில் காணும் ஒட்டுவேலைதான் இது. ஓரடிச் சதுரங்கள், குறுக்கே ஐந்து, நெடுக்கே ஆறு. பிறகு மூன்று அடுக்கையும் சேர்த்து நெருக்கமான ஓட்டுத்தையல். வங்கத்தார் இவ்வாறு பழம்புடவைகளை அடுக்கித் தைப்பதைக் காந்தா என்று பெருமையோடு சொல்கின்றனர். பீகாரில் அது சுஜனி. காந்தாவும் நம் கந்தையும் ஒரே வேர்ச்சொல். நம்மிடம் மட்டும் அது வறுமையின் பெயராய் நின்றுவிட்டது.

வேலை முடியும் தறுவாயில் ஒரு சிக்கல் முளைத்தது. அடித்துணிக்கும் நூலுக்கும் பணம் தந்த அன்பர், ஒரு மூலையில் 'உபயம்' என்று தம் பெயரைத் தைக்கச் சொன்னார். கோயில் குழல்விளக்கில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நிற்கும் பெயர்களை நாம் அறிவோம். அவர் நல்லவர்தாம், கேட்டது வழக்கத்தால். என் துணைவியார் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "அந்தம்மா ராவெல்லாம் போத்திக்கிட்டுப் படுக்கணும். இன்னொருத்தர் பேரு மேலே கெடந்தா தூக்கம் வருமுங்களா?" என்றார். பணத்தைத் திருப்பித் தரவும் தயாராக இருந்தார். அன்பர் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை; மூன்றாம் நாள் தம் தாயாரின் பழைய சுங்குடிச் சேலையை அனுப்பிவைத்தார்.

போர்வையில் பெயர் பொறிப்பது தவறென்று நான் சொல்லவில்லை. 1987 அக்டோபரில் வாஷிங்டன் நகரத் திடலில் எய்ட்ஸ் நோயால் மாண்டவர்க்காக ஒரு போர்வையை விரித்தார்கள். ஆறடிக்கு மூன்றடி, கிட்டத்தட்டப் புதைகுழியின் அளவில், 1,920 துணிப் பலகைகள். உற்றாரும் நண்பரும் தைத்த அவற்றில் இறந்தவர் பெயர்கள் இருந்தன. பலருடைய நோயை உலகம் வெளியே சொல்லக் கூசிய காலம் அது. அங்கே பெயர் வேண்டியிருந்தது.

தை மாதத்தில் போர்வையை எடுத்துக்கொண்டு பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் வழியே மூணாறு சென்றோம். கேரளத்திலிருந்து கேரளத்துக்குத் தமிழ்நாட்டின் வழியே போவது நம்மைப் போன்ற எல்லைவாசிகளுக்குப் புதிதன்று.

பெரியம்மா போர்வையை முதலில் முகர்ந்து பார்த்தார்; பிறகு விரலால் தடவிக்கொண்டே, "இது யாரு சீலை? இது?" என்று ஒவ்வொன்றாய்க் கேட்டார். என் துணைவியார் சொல்லிக்கொண்டே வந்தார்: இது பால்காரர் வீட்டு அக்காவுடையது, இது என் கலியாணத்துக்கு மறுவருடம் வாங்கியது, இந்தச் சுங்குடி ஒரு பெரியம்மாவுடையது, அவர் இப்போது இல்லை. கிழவியார் அந்தச் சுங்குடித் துண்டின்மேல் சற்று நேரம் கையை வைத்திருந்தார். பின்னர் தலையைத் தூக்கிப் போர்வை முழுவதையும் நோக்கினார்.

"முப்பது வெத்தலை வச்சிருக்கியே புள்ளே, பாக்கு எங்கே?"

என் துணைவியார் பைக்குள் தேடத் தொடங்கினார்.