பின்சீட்டிலிருந்து பார்த்த பாலித் தீவு

இந்தோனேசியாவின் பாலித் தீவைச் சுற்றிப் பார்க்க ஸ்கூட்டர்தான் சரி. தென்கரையில் இருக்கும் கூட்டா, லெகியன், செமின்யாக், சாங்கு ஆகிய கடற்கரை ஊர்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. கூட்டாவிலிருந்து சாங்குவுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் இருக்கும். சாயங்கால நெரிசலில் காரில் மாட்டிக்கொண்டால் அதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். என் வீட்டுக்காரர் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து ஐந்து நாள் சுற்றினோம். ஓட்டுகிறவருக்கு ரோடு மட்டும்தான் தெரியும். ஊரைப் பார்க்கிற வாய்ப்பு பின்னால் இருப்பவருக்குத்தான்.

மன்னார்குடிப் பக்கம் ஆறு ஏக்கரில் நெல் போடுகிற குடும்பம் எங்களுடையது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தபோது, அவளே டிக்கெட் எடுத்து அனுப்பி வைத்தாள். அங்கிருந்து இரண்டரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான விமானப் பயணம். இறங்கியதும் விசாவுக்கு 5 லட்சம் ருபியா கட்ட வேண்டும். 1 லட்சம் ருபியா என்றால் நம் பணத்தில் ஐந்நூறு ரூபாய் சொச்சம். எண்ணைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. 2024 பிப்ரவரியிலிருந்து சுற்றுலா வரி என்று தலைக்கு 1,50,000 ருபியா தனியாக வாங்குகிறார்கள். ஸ்கூட்டர் வாடகை ஒரு நாளைக்கு 80,000 ருபியாவுக்குக் கிடைத்தது. அங்கேயும் இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதால் நமக்குப் பழக்கச் சிக்கல் இல்லை. ஆனால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை இங்கேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 1,000 ரூபாய் கட்டி வாங்கிக்கொண்டு போய்விடுங்கள். அதில் இருசக்கர வாகனமும் சேர்ந்திருக்க வேண்டும். அது இல்லாமல் விபத்து ஏதும் நடந்தால் பயணக் காப்பீட்டில் பணம் கிடைப்பது கஷ்டம். பெட்ரோல் தீர்ந்தால் கவலை இல்லை, பெட்டிக்கடையில்கூட கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி வைத்து விற்கிறார்கள்.

கூட்டா ஒரு காலத்தில் மீனவர் ஊர். 1970-களில் அலைச்சறுக்கு விளையாட வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கி, அப்படியே ஊர் மாறிப்போனது. இப்போது கடற்கரையை ஒட்டி ஓட்டல், மசாஜ் கடை, சட்டைக் கடை, மறுபடியும் ஓட்டல். லெகியன் தெருவில் 2002 அக்டோபர் 12-ம் தேதி குண்டுவெடிப்பில் இறந்த 202 பேரின் பெயர்களைக் கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். எதிரும் புதிருமாக வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போகிற இடம் அது. அதன் முன்னால் சிலர் மட்டும் நின்று ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டிருந்தார்கள். செமின்யாக்கில் எங்களுக்கு வேலை இல்லை. விலை கேட்கக்கூட பயமாக இருந்த கடைகள்.

நடைபாதையில் கால் வைக்கும்போது மட்டும் பார்த்து வைக்க வேண்டும். தென்னங்குருத்தில் பின்னிய சின்னத் தட்டில் பூ, கொஞ்சம் சோறு, ஒரு ஊதுபத்தி வைத்துக் கடை வாசலில், படிக்கட்டில், சில சமயம் நிறுத்தியிருக்கிற ஸ்கூட்டர் மேலேகூட வைத்துவிடுகிறார்கள். தினமும் செய்கிற படையல் அது. பாலிக்காரர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். நெல்லுக்குத் தனியாக ஒரு தெய்வம் உண்டு, 'தேவி ஸ்ரீ' என்று பெயர். பேச்சிலும் நம்மை மாதிரிதான். வயலில் நிற்கிற நெற்பயிர் 'பாடி', அடித்த நெல் 'கபா', அரிசி 'பெராஸ்', சோறு 'நாசி'. இங்கிலீஷ்காரருக்கு எல்லாமே 'ரைஸ்'. நெல் விளைவிக்கிற சனத்துக்குத்தான் இத்தனை சொல் தேவைப்படும்.

சாங்கு வரும்போதுதான் வயல் கண்ணில் படத் தொடங்கியது. அங்கே ஒரு குறுக்கு வழி இருக்கிறது. இரண்டு பக்கமும் நெல் வயல், நடுவில் ஒரு கார் மட்டும் போகிற அகலத்தில் ரோடு. எதிரில் வண்டி வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். ஒதுங்கத் தெரியாத வெளியூர்க்காரர்கள் வண்டியோடு சேற்றில் விழுவதுண்டு. "வரப்புல டி.வி.எஸ். ஓட்டுனவனுக்கு இதெல்லாம் ஹைவே" என்று இவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். ஆனால் வயல் என்று சொன்னேனே, அது நம்மூர் மாதிரிக் கண்ணுக்கெட்டிய தூரம் கிடக்கிற வயல் இல்லை. இங்கே அரை ஏக்கர், அங்கே ஒரு ஏக்கர். அதைச் சுற்றி நீச்சல் குளம் வைத்த வில்லாக்கள், காபிக் கடைகள், பாதி எழும்பிய கான்கிரீட் தூண்கள். 'வயல் பார்த்த அறை' என்று விளம்பரம் செய்து வாடகைக்கு விடுகிறார்கள். அடுத்த வருஷம் அந்த வயலிலும் ஒரு கட்டடம் வந்து, அதற்கு எந்த வயல் தெரியப்போகிறதோ.

மடை திறந்துகொண்டிருந்த ஒரு பெரியவரைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னேன். தண்ணீர் வயலுக்குள் நுழைகிற இடத்தில் மூங்கிலில் ஒரு சின்னப் பூஜை மாடம் வைத்திருந்தார். அவருக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வந்தது, மீதிக்கு போனில் மொழிபெயர்க்கிற ஆப். நாங்களும் நெல்காரர்கள் என்று இவர் கையைக் காட்டினார். அவர் அந்தக் கையைத் திருப்பி உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகு பேச்சு தடையில்லாமல் போனது.

வெளிநாட்டார் பாலியில் நிலத்தைச் சொந்தமாக வாங்க முடியாது, சட்டம் இடம் கொடுப்பதில்லை. அதனால் 25 வருஷம், 30 வருஷம் என்று குத்தகைக்கு எடுக்கிறார்கள். பணத்தை மொத்தமாக முன்னாலேயே கொடுத்துவிடுகிறார்கள். அவருக்குப் பக்கத்து வயல்காரர் அப்படிக் கொடுத்துவிட்டு வீடு கட்டினார், கார் வாங்கினார். இப்போது தன் நிலத்தில் நிற்கிற வில்லாவிலேயே தோட்ட வேலை பார்க்கிறார். பெரியவர் இதைக் குறையாகச் சொல்லவில்லை. "மாதச் சம்பளம் வருகிறதே, நெல் மாதாமாதம் தருமா?" என்றுதான் கேட்டார். அவருடைய இரண்டு பிள்ளைகளும் ஓட்டலில் வேலை பார்க்கிறார்கள். அவர் குறைபட்டுக்கொண்டது எலியைப் பற்றித்தான். "சுற்றிலும் வயல் இருந்தபோது எலி எல்லார் வயலிலும் கொஞ்சம் கொஞ்சம் தின்றது. இப்போது எல்லா எலியும் என் வயலுக்குத்தான் வருகிறது. குருவியும் அப்படித்தான்." மேலே வில்லா கட்டுகிறவர்கள் வாய்க்காலில் சிமென்ட் கழிவைத் தள்ளிவிடுவதால், தண்ணீர் முறைக்கு முதல் நாள் இவரே போய் மண்வெட்டியால் வாரிப் போட வேண்டியிருக்கிறதாம். பக்கத்தில் கட்டடம் வந்தால் நிலத்தின் மதிப்பு ஏறுகிறது, மதிப்பு ஏறினால் வரியும் ஏறுகிறது. நெல் விற்கிற விலை மட்டும் ஏறுவதில்லை.

அங்கிருந்து கிளம்பியபின் இவர் வெகுநேரம் பேசவில்லை. காரணம் எனக்குத் தெரியும். எங்கள் வயலுக்கு மேல்மடையில் இருந்த மூன்று ஏக்கர் போன வருஷம் மனைக்கட்டாகப் போனது. எங்களிடமும் வந்து விலை கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இவர் பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறார்.

அந்தப் பெரியவர் 'சுபாக்' என்று அடிக்கடி சொன்னார். ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கிற விவசாயிகள் எல்லாரும் சேர்ந்த சங்கம் அது. எந்த ஊர்க்காரர் என்பது கணக்கில்லை, எந்தத் தண்ணீர் என்பதுதான் கணக்கு. ஆயிரம் வருஷப் பழக்கம். பாலியில் ஆறுகள் ஆழமான பள்ளத்தில் ஓடுவதால், பாறையைக் கையால் குடைந்து சுரங்கம் போட்டுத் தண்ணீரை மேட்டுக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள். தீவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுபாக்குகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர், ஒரு கோயில். எந்தப் பகுதி எப்போது நடவேண்டும், எப்போது தரிசு போடவேண்டும் என்பதைக் கோயிலில் கூடித்தான் முடிவு செய்கிறார்கள்.

இதில் நமக்கு வேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது. மேல்மடைக்காரர் கீழ்மடைக்காரருக்கு எதற்காகத் தண்ணீர் விட்டுக்கொடுக்க வேண்டும்? நல்ல மனசால் என்று சொல்லிவிடலாம். அமெரிக்க மானிடவியல் ஆய்வாளர் ஸ்டீபன் லான்சிங் பல வருஷம் அங்கே ஆராய்ந்து வேறு காரணம் சொல்கிறார்: பூச்சி. கீழ்மடைக்குத் தண்ணீர் கிடைக்காமல் அவர்கள் ஒரு மாதம் தள்ளி நட்டால், மேலே அறுத்து முடிந்ததும் புகையான் கீழே போகும், கீழே அறுத்ததும் மேலே வரும். அதற்கு வருஷம் முழுக்கச் சாப்பாடு. பெரிய பரப்பில் எல்லாரும் ஒரே சமயத்தில் நட்டு, ஒரே சமயத்தில் அறுத்துத் தரிசு போட்டால் பூச்சி பட்டினியில் செத்துவிடும். ஆனால் எல்லாரும் ஒரே சமயத்தில் நட்டால் தண்ணீர் பற்றாது. இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு பரப்பு ஒன்றாக நடலாம் என்பதைத்தான் கோயில் முறை கணக்குப் போட்டு வைத்திருக்கிறது.

1970-களில் பசுமைப் புரட்சி அங்கேயும் போனது. நமக்குத் தெரிந்த அதே ஐ.ஆர். ரகங்கள்தான். கோயில் கணக்கெல்லாம் வேண்டாம், முடிந்த அளவு இடைவெளி இல்லாமல் நடுங்கள் என்று அரசாங்கம் சொன்னது. முதலில் விளைச்சல் கூடியது. பிறகு புகையான் வந்தது. அதற்கு எதிர்ப்பு ரகம் கொண்டுவந்தால் துங்ரோ நோய் வந்தது. மருந்து அடித்து அடித்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் பழைய முறைக்கே திரும்பினார்கள். லான்சிங் இதை 1991-ல் புத்தகமாகவே எழுதினார். பூச்சியிடம் பிழைத்துக்கொண்ட சுபாக்குகள் வில்லாவிடம் பிழைக்குமா என்பதுதான் இப்போதைய கேள்வி. நடுவில் நாலு வயல் போனாலே சேர்ந்து நடுவது, சேர்ந்து தரிசு போடுவது எல்லாம் பேச்சோடு சரி.

நான்காம் நாள் கடற்கரையை விட்டுவிட்டு ஜத்திலுவிக்குப் போனோம். பத்துக்காரு மலை அடிவாரத்தில், கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 700 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். கூட்டாவிலிருந்து ஸ்கூட்டரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மேலே ஏற ஏறக் குளிர்கிறது, ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். யுனெஸ்கோ 2012-ல் சுபாக் நிலங்களை உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்ததில், படி படியாக இறங்குகிற இந்த வயல்களும் அடக்கம். மொத்தம் சுமார் 19,500 ஹெக்டேர். பழைய சிவப்பரிசி ரகத்தை இன்னும் விடாமல் போடுகிறார்கள். அறுத்த வயலில் வாத்து மேய்ந்துகொண்டிருந்தது, நம்மூர் வாத்துக் கிடையேதான்.

வாய்க்கால் பிரிகிற இடத்தில் ஒரு மரக்கட்டையைக் குறுக்கே போட்டு, அதில் அகலம் அகலமாகப் பள்ளம் வெட்டியிருந்தார்கள். அவரவர் பங்குக்குத் தக்க அகலம். கதவும் கிடையாது, பூட்டும் கிடையாது. இவர் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, ஒவ்வொரு பள்ளத்தையும் சாண் வைத்து அளந்தார். அங்கே களை எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் வந்து விவரம் சொன்னார். பேச்சுவாக்கில், "உங்களுக்கு மேலே இருப்பவர் எப்போது நடுவார்?" என்று கேட்டார்.

எங்களுக்கு மேலே இப்போது வயல் இல்லை, வீட்டுமனை என்று போனில் தட்டிக் காட்டினேன். அவர் இரண்டு தரம் படித்தார். அப்படியானால் தண்ணீர் எப்படி வருகிறது என்றார். மனைக்கு அடியில் குழாய் புதைத்துவிட்டிருக்கிறார்கள் என்றோம்.

"எத்தனை அங்குலம்?" என்று கேட்டார்.

எட்டு என்று இவர் விரலைக் காட்டினார். அவர் வாய்க்காலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி களை எடுக்கப் போய்விட்டார்.