‘அனுப்பலாம்’ என்றால் அனுப்பியே ஆகவேண்டுமா?

ஒரே ஒரு ஆங்கில வினைச்சொல்லுக்காக எட்டு மாதம் இழுத்த வழக்கு ஒன்று என் கட்டுகளுக்குள் இருக்கிறது. சொல்லுக்கு ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. தமிழில் எழுதினால் ஆட்டுக்குட்டி கத்துவதுபோல ‘மே’ என்று வரும்.

2008-ஆம் வருடம். கட்சிக்காரர் சேலம் பக்கத்தில் சேகோ மில் வைத்திருந்தவர். குச்சிக்கிழங்கை அரைத்துப் பாலெடுத்து, ஜவ்வரிசியாக்கி, மூட்டை போட்டு வடக்கே அனுப்புகிற தொழில். மகாராஷ்டிரத்தில் விரதம் இருக்கிறவர்கள் ஜவ்வரிசிக் கிச்சடி தின்னும்வரை எங்கள் ஜில்லாவில் சேகோ மில்களின் களம் காயும். மும்பை வியாபாரி ஒருவர் நாலு லோடு வாங்கிவிட்டு, கடைசி இரண்டு லோடுக்குப் பணம் தரவில்லை. சரக்கு பழுப்பேறிவிட்டது என்று போனில் மட்டும் சொன்னாராம். எழுத்தில் ஒன்றும் இல்லை. பாக்கி நாலு லட்சத்துச் சொச்சம். நோட்டீஸ் விட்டோம், பதில் இல்லை. சார்பு நீதிமன்றத்தில் பணத்தாவா போட்டோம்.

சம்மன் போய்ச் சேர்ந்தது. எதிர்வழக்குரை வரும் என்று பார்த்தால் ஐ.ஏ., அதாவது இடைமனு ஒன்று வந்தது. ஆர்பிட்ரேஷன் சட்டம் 1996, பிரிவு 8. ஒப்பந்தத்தில் நடுவர் ஷரத்து இருக்கிறது, ஆகவே சேலம் கோர்ட்டு இந்தத் தாவாவைத் தொடக்கூடாது, மும்பையில் நடுவர்முன் தீர்த்துக்கொள்ள அனுப்ப வேண்டும் என்று கோரிக்கை.

கட்சிக்காரரைக் கூப்பிட்டு விட்டேன். அறுபதைத் தாண்டியவர். ஒப்பந்தத்தை மஞ்சள் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். ஆறு பக்கம், முழுக்க ஆங்கிலம்.

“கையெழுத்துப் போடறப்ப இதப் படிச்சீங்களாய்யா?”

“எனக்கெங்கீங்க இங்கிலீசு? புரோக்கர் படிச்சுச் சொன்னாருங்க. தகராறுன்னு வந்தா பம்பாய்ல ஆர்பிட்ரேசனுக்கு அனுப்பலாம்னு போட்டிருக்குன்னாரு. அனுப்பலாம்னா ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா அனுப்பலாம்னு தானுங்களே? அனுப்பியே தீரணும்னு இல்லீங்களே?”

சட்டப் புத்தகம் எதையும் புரட்டாமல் அவர் என் வாதத்தைச் சொல்லி முடித்துவிட்டார். பதினாலாவது ஷரத்தைப் பார்த்தேன். தகராறுகள் நடுவருக்கு ‘மே பி ரெஃபர்டு’ என்றுதான் இருந்தது. ‘ஷல் பி ரெஃபர்டு’ என்று இல்லை. அந்தப் புரோக்கர் நல்ல மொழிபெயர்ப்பாளர்.

ஆனால் அந்த ‘லாம்’ லேசுப்பட்டதல்ல. ‘செய்யலாம்’ என்பதைப் பிரித்தால் செய்யல் ஆம். இந்த ஆம் எத்தனை வேலை பார்க்கிறது பாருங்கள். ‘மழை வரலாம்’ என்றால் வந்தாலும் வரும். ‘உள்ளே வரலாம்’ என்றால் அனுமதி. ‘வாங்க, சாப்பிடலாம்’ என்றால் அழைப்பு. ‘அவர் கடனைத் திருப்பித் தந்திருக்கலாம்’ என்றால் குறை. ஆங்கில ‘மே’யும் ஏறக்குறைய இதே கூத்துதான். பழைய ஆங்கிலத்தில் அது வலிமை, இயலும் என்ற பொருளில் இருந்த சொல். இயலும் என்பது மெல்ல மெல்ல அனுமதி ஆயிற்று, வாய்ப்பு ஆயிற்று. அதன் பங்காளி ‘ஷல்’லின் பூர்வீகம் இன்னும் வேடிக்கை. அதன் மூலப்பொருள் கடன்பட்டிருப்பது. என் பணத்தாவாவுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது, என்ன செய்வது, பதினாலாவது ஷரத்தில் அது இல்லை.

பள்ளியில் ரென் அண்ட் மார்ட்டின் படித்த தலைமுறை நான். ‘ஐ ஷல்’ சாதாரண எதிர்காலம், ‘ஐ வில்’ உறுதி; ‘யூ வில்’ எதிர்காலம், ‘யூ ஷல்’ கட்டளை என்று தலைகீழாய் மனப்பாடம் செய்திருக்கிறேன். கோர்ட்டுக்கு வந்த முதல் வருடமே அந்த இலக்கணம் இங்கே செல்லாது என்று தெரிந்துபோயிற்று. 1880-இல் ஆக்ஸ்ஃபோர்டு பிஷப் வழக்கில் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை பார்த்தது ‘இட் ஷல் பி லாஃபுல்’ என்ற தொடரை. ஷல் இருக்கிறது, ஆனாலும் அது அதிகாரம்தான் கொடுக்கிறது, கட்டாயமில்லை, பிஷப் விரும்பினால் செய்யட்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதே தீர்ப்பில், சில சூழ்நிலைகளில் அதிகாரத்தோடு கடமையும் ஒட்டிக்கொள்ளும் என்றும் எழுதி வைத்தார்கள். அந்த ஒட்டுதலைப் பிடித்துக்கொண்டு இந்திய வக்கீல்கள் இன்றுவரை வாதாடுகிறார்கள்.

எதிர்த்தரப்பு வக்கீல் என்னைவிடப் பதினைந்து வருடம் சீனியர். கையில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் தொகுதி, 2000-ஆம் வருடத்து நாலாவது வால்யூம். என் கையிலும் அதே வால்யூம்தான். அவர் 539-ஆம் பக்கம், ஆனந்த கஜபதி ராஜு வழக்கு: நடுவர் ஒப்பந்தம் இருந்தால் பிரிவு 8-இன்படி கோர்ட்டு அனுப்பியே ஆகவேண்டும், வேறு வழியில்லை. நான் 272-ஆம் பக்கம், வெலிங்டன் அசோசியேட்ஸ் வழக்கு: ஷரத்தில் ‘மே’ என்றிருந்தால் அது நடுவர் ஒப்பந்தமே அல்ல, பின்னால் இரு தரப்பும் புதிதாய் ஒத்துக்கொண்டால்தான் உண்டு. நீதிபதி ஜகந்நாத ராவ் கொடுத்தது.

சீனியர் அதோடு நிற்கவில்லை. 1963-ஆம் வருட ஜோகேந்திர சிங் வழக்கை எடுத்தார். உத்தரப் பிரதேச அரசின் விதி அது. கெசட்டட் அதிகாரி கேட்டுக்கொண்டால் அவர்மீதான விசாரணையை ஆளுநர் தீர்ப்பாயத்துக்கு ‘மே’ அனுப்பலாம் என்று இருந்தது. அனுப்பியே ஆகவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் படித்தது. “மே என்பது ஷல் ஆகும் என்று உச்ச நீதிமன்றமே சொன்னபிறகு என் நண்பருக்கு என்ன சந்தேகம்?” என்றார்.

நீதிபதி அவரைப் பார்த்து, “சரி, நீங்க உட்காரலாம்” என்றார்.

அவர் உட்காரவில்லை. சிரித்தார். “பார்த்தீங்களாய்யா, கோர்ட்டு இப்ப எனக்கு ‘லாம்’ போட்டது. உட்காராம நிற்க எனக்கு உரிமை இருக்கா?”

கோர்ட்டே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் வயிற்றைக் கலக்கியது. வாதம் பிரமாதம். அந்த ‘லாம்’ ஆணைதான், யார் மறுக்க முடியும்? வாதத்துக்குக் குறிப்பெழுதி வைத்திருந்த தாளில் இதற்குப் பதில் இல்லை. ஒன்றிரண்டு நிமிடம் காகிதம் புரட்டுவதுபோல நடித்தேன் என்பதை இன்றைக்கு ஒப்புக்கொள்கிறேன்.

புரட்டியதில்தான் விடை கிடைத்தது. ஒப்பந்தத்தின் நாலாவது ஷரத்து: விற்பவர் சரக்கைக் குறித்த நாளில் ‘ஷல்’ அனுப்ப வேண்டும். ஏழாவது: வாங்குபவர் முப்பது நாளில் ‘ஷல்’ பணம் செலுத்த வேண்டும். ஒன்பது, பதினொன்று, எல்லாம் ஷல். பதினாலில் மட்டும் மே. எழுதினவருக்கு இரண்டு சொல்லும் தெரியும். ஒன்றுக்கொன்று மாற்றிப் போடத் தெரியாதவர் அல்ல. “அய்யா, கோர்ட்டு ‘லாம்’ சொன்னால் மேலிருந்து வருகிறது, கட்டளை. ஆளுநர் விதியிலும் ஒருவர் கையில் அதிகாரம், இன்னொருவருக்கு அதைக் கேட்கும் உரிமை. இந்த ஒப்பந்தத்தில் இரண்டு பேரும் வியாபாரி. சமமானவன் சமமானவனுக்குப் போட்ட ‘லாம்’ எப்படிக் கட்டளை ஆகும்?” என்றேன். கூடவே 2007-இல் வந்த ஜகதீஷ் சந்தர் தீர்ப்பையும் நீட்டினேன். அங்கே ஷரத்தில் ‘ஷல்’ இருந்தது. ஆனால் ‘தரப்பினர் அப்படித் தீர்மானித்தால்’ என்று ஒரு வால் ஒட்டியிருந்ததால் அந்த ஷல்லும் செல்லாமல் போயிற்று. சொல்லின் பலம் சொல்லுக்குள் மட்டும் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யார் என்பதையும் பார்க்க வேண்டும்.

ஐ.ஏ. தள்ளுபடி ஆனது. உத்தரவில் நாலாவது, ஏழாவது ஷரத்துகளை நீதிபதி எடுத்து எழுதியிருந்தார். அன்றைக்குப் பிரிவு 8 மனு தள்ளுபடியானால் பிரிவு 37-இன்கீழ் மேல்முறையீடு கிடையாது. 2015 திருத்தத்துக்குப் பிறகுதான் அந்த வழி திறந்தது. சீராய்வுக்கு உயர் நீதிமன்றம் போவார்கள் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை.

இங்கேயே கதை முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். பெருமை பீற்றுவதற்கு எனக்கு வேறு வழக்குகள் உண்டு.

ஐ.ஏ. நடந்த மாதங்களில் அவர்கள் எதிர்வழக்குரை தாக்கல் செய்யவே இல்லை. உரிமையியல் விசாரணைமுறைச் சட்டம், கட்டளை 8, விதி 1. சம்மன் கிடைத்த 30 நாளுக்குள் எதிர்வழக்குரையை ‘ஷல்’ தாக்கல் செய்ய வேண்டும். கோர்ட்டு காரணம் எழுதி நீட்டித்தாலும் 90 நாளுக்குமேல் கூடாது. 2002 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம். எதிர்த்தரப்போ 90 நாளை எப்போதோ தாண்டிவிட்டது. தாமதத்தை மன்னிக்கக் கோரி மனுவோடு வந்தார்கள். நான் எழுந்து, ஷல் என்றால் ஷல்தான், ஒருதரப்பாகத் தீர்ப்பளிக்க வேண்டும் என்று குரலை உயர்த்தினேன்.

சீனியர் நிதானமாய் ஒரு தீர்ப்பை எடுத்தார். பெயரைப் படிக்குமுன்பே பின்பெஞ்சில் சிரிப்பு. 2005 ஆகஸ்ட் 2, சேலம் வழக்கறிஞர் சங்கம் எதிர் இந்திய அரசு. எங்கள் சங்கமே உச்ச நீதிமன்றம் போய் வாங்கிவந்த தீர்ப்பு. அந்தத் திருத்தங்களை எதிர்த்துப் போனோம். திருத்தம் செல்லும், ஆனால் இந்த விதியில் இருக்கிற ‘ஷல்’ கட்டாயம் அல்ல, வழிகாட்டல்தான், அபூர்வமான சந்தர்ப்பத்தில் 90 நாளுக்குப் பிறகும் அனுமதிக்கலாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அந்த வழக்கில் சட்டத் திருத்தங்களை எப்படி நடைமுறைப்படுத்துவது என்று ஆராயப் போட்ட குழுவுக்குத் தலைவர் யார் தெரியுமா? அதே ஜகந்நாத ராவ். என் வெலிங்டன் தீர்ப்பைக் கொடுத்தவர்.

“போன மாசம் மே என்றால் மே-தான்னு சொன்ன என் நண்பர், இந்த மாசம் ஷல் என்றால் ஷல்தான்னு சொல்றார். நியாயம்தான். ஆனா அவங்க சங்கம் வேற மாதிரி சொல்லுதே” என்றார் சீனியர். போன மாதம் மே-யை ஷல் என்றவர் இந்த மாதம் ஷல்லை மே என்கிறாரே என்று நானும் திருப்பிக் கேட்டிருக்கலாம். அந்த நேரத்தில் வாய் வரவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் ஸ்கூட்டரில்தான் தோன்றியது.

இரண்டாயிரம் ரூபாய் செலவுத்தொகையோடு எதிர்வழக்குரை ஏற்கப்பட்டது. கட்சிக்காரரிடம் வெளியே வந்து விளக்கினேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்: “அப்பச் செய்யணும்னு எழுதியிருந்தாலும் செய்யாம இருக்கலாம்ங்களா?”

அந்தக் கேள்விக்கு 2015-இல்தான் நாடாளுமன்றம் ஒரு பதில் வைத்திருந்தது. வணிக நீதிமன்றங்கள் சட்டம் வந்தபோது, வணிக வழக்குகளில் 120 நாளைத் தாண்டினால் எதிர்வழக்குரை தாக்கல் செய்யும் உரிமையே போய்விடும், கோர்ட்டு அதை ஏற்கக்கூடாது என்று விதியிலேயே சேர்த்தார்கள். 2019-இல் எஸ்.சி.ஜி. கான்ட்ராக்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைக் கட்டாயம் என்று உறுதி செய்தது. கவனியுங்கள், வினைச்சொல் அதே ஷல்தான். மீறினால் என்ன ஆகும் என்று பின்னால் ஒரு வரி சேர்ந்ததும் அதற்குப் பல் முளைத்துவிட்டது. சாதாரண உரிமையியல் வழக்குகளில் இன்றும் எங்கள் சங்கத்துத் தீர்ப்புதான். ஒரே கட்டளை, ஒரே விதி, ஒரே சொல். வழக்கின் சாதியைப் பொறுத்து அர்த்தம் மாறும். தென்னாப்பிரிக்கா 1996 அரசியல் சட்டத்தை எழுதும்போது இந்த வம்பே வேண்டாம் என்று ‘மஸ்ட்’ போட்டுவிட்டது. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் 2007-இல் தங்கள் உரிமையியல் விதிகளைத் திருத்தி எழுதியபோது ஷல்லைக் களைந்தார்கள். நாம் இன்னும் வைத்து ஆண்டுகொண்டிருக்கிறோம். எங்கள் பிழைப்பும் ஓடுகிறது.

மூல வழக்கில் சொல்வதற்கு அதிகம் இல்லை. சரக்கு பழுப்பு என்பதற்கு அவர்களிடம் ஒரு துண்டுச் சீட்டும் கிடையாது. லாரி ரசீதும் எங்கள் பேரேடும் போதுமானதாய் இருந்தன. 2011-இல் அசல் முழுவதும், தாவா தேதியிலிருந்து 9 சதவீத வட்டியோடு டிகிரி ஆனது.

டிகிரி நகலைக் கட்சிக்காரருக்குப் படித்துக் காட்டினேன். பிரதிவாதி வாதிக்கு ‘டூ பே’ என்று இருந்தது. பழைய டிகிரி படிவத்தின் வாசகம் அது. மேயும் இல்லை, ஷல்லும் இல்லை.

அதற்கும் அவர்கள் கட்டவில்லை. நிறைவேற்று மனு போடலாம் என்றால் அவர்களுடைய கடை, கிடங்கு, வங்கிக் கணக்கு எல்லாம் மும்பையில். சேலம் கோர்ட்டால் அங்கே ஜப்தி செய்ய முடியாது. உரிமையியல் விசாரணைமுறைச் சட்டம் பிரிவு 39-இன்கீழ் டிகிரியை மும்பை கோர்ட்டுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. 2012-இல் என் கட்சிக்காரர் மகனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு இரண்டு தடவை பம்பாய் போய்வந்தார். இரண்டாம் தடவை பணம் கிடைத்தது.