அவன் ஏன் பறக்க விடவில்லை?



நலமாக இருக்கிறேன். முட்டி வலிதான் மழைக்கு முன்னால் வந்து தகவல் சொல்லிவிட்டுப் போகிறது. நீளமாக எழுதி ரொம்ப நாளாயிற்று என்று பலர் கேட்டீர்கள். இன்றைக்கு எழுதியே ஆக வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. என் மாணவன் ஒருவனை நாலு பேர் முன்னால் தப்பாகப் பேசிவிட்டேன். அதை நாலு பேர் முன்னால்தான் திருத்த வேண்டும்.

என் தங்கை மகனின் கல்யாண வரவேற்பு, சென்னையில், திருவான்மியூர் கடற்கரைப் பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்தது. போட்டோவுக்கு யாரைப் பிடிக்கலாம் என்று பேச்சு வந்தபோது, "என்கிட்ட அஞ்சாவது படிச்ச பையன் ஒருத்தன் ஸ்டூடியோ வச்சிருக்கான்" என்று நான்தான் பெருமையாகச் சொன்னேன். அவன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் 'தம்பி' என்றே எழுதுகிறேன்.

பெண் வீட்டாருக்கு ஒரே ஆசை. டிரோன் விட வேண்டும். மண்டபத்து விளக்குகளும் பின்னால் கடலும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். தம்பியிடம் டிரோன் இருக்கிறது. சரி என்றுதான் முதலில் சொன்னான். விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் வந்து, "டீச்சர், மன்னிச்சிடுங்க. அன்னிக்குப் பறக்க விட முடியாது. டிரோனுக்கான பணத்தைக் கழிச்சிக்கறேன்" என்றான். அந்த வாரம் பெரிய தலைவர் ஒருவர் நகரத்துக்கு வருகிறார், போலீஸ் தடை போட்டிருக்கிறார்கள் என்று விளக்கினான்.

சம்பந்தி வீட்டார் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு மானம் போனது போல இருந்தது. "தலைவர் எங்கேயோ வரார், நம்ம மண்டபம் எங்கேயோ இருக்கு. அஞ்சாவதுல வீட்டுப்பாடம் செய்யாம சாக்கு சொல்லுவ, இப்பவும் அதே சாக்குதானா?" என்று கேட்டுவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். "சரிங்க டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

உறவில் ஒருவர் வேறொரு பையனை ஏற்பாடு செய்தார். அவனுடைய டிரோன் சிங்கப்பூரிலிருந்து யாரோ பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது. சாயங்காலம் ஆறு மணி. மொட்டை மாடியிலிருந்து ஏற்றினான். குழந்தைகள் எல்லாம் கைதட்டின. நானும்தான். கடல்காற்று அன்றைக்குக் கொஞ்சம் பலம். கூரை உயரத்தைத் தாண்டியதும் டிரோன் தள்ளாட ஆரம்பித்தது. அந்தப் பையன் கையிலிருந்த பெட்டியை என்னென்னமோ செய்து பார்த்தான். அது சாய்ந்துகொண்டே போய், மண்டபத்துக்கு வெளியே தெருவில் விழுந்தது.

விழுந்த இடத்தில் ஒரு அம்மா சுண்டல் கூடையோடு உட்கார்ந்திருந்தார். இறக்கை சுற்றிக்கொண்டே வந்து அவர் முழங்கைக்குக் கீழே கிழித்துவிட்டது. நாங்கள் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டு நிற்கிறோம். பட்டுப்புடவையோடு படியிறங்கி நான் தெருவுக்கு வருவதற்குள், மேடையருகே படம் எடுத்துக்கொண்டிருந்த தம்பி கேமராவை உதவியாளரிடம் கொடுத்துவிட்டு ஓடிப்போய், தன் கைக்குட்டையால் அந்த அம்மாவின் கையைக் கட்டி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தான். நானும் கூட ஏறிக்கொண்டேன்.

நாலு தையல். ஆஸ்பத்திரியில் அந்த அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: "கீழ பாத்து நடன்னுதான் சொல்லுவாங்க. இனிமே மேலயும் பாத்துக்கினு இருக்கணுமாம்மா?" முப்பத்து நாலு வருஷம் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டவள் நான். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

போலீஸ் வந்தது. டிரோனும் அந்தப் பையனும் ஸ்டேஷனுக்குப் போனார்கள். மாப்பிள்ளையின் அப்பாவும் பெண்ணின் அப்பாவும் இரவு பதினொன்றரை வரை அங்கேதான். விஷயம் இன்னும் முடியவில்லை என்பதால் அதைப் பற்றி அதிகம் எழுதவில்லை. அந்த அம்மாவின் வைத்தியச் செலவையும், வியாபாரத்துக்குப் போக முடியாத பன்னிரண்டு நாள் வருமானத்தையும் நாங்கள் கொடுத்தோம். கொடுத்தோம் என்று பெருமையாகச் சொல்ல இதில் ஒன்றுமில்லை.

அடுத்த வாரம் தம்பியின் ஸ்டூடியோவுக்குப் போனேன். "என்ன தடை, என்ன சட்டம், எனக்குப் பாடம் எடுடா" என்றேன். பயந்து எழுந்து நின்றான். உட்கார வைத்துக் கேட்டேன். அவன் சொன்னதில் எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன்.

நாட்டில் இப்போது நடைமுறையில் இருப்பது 2021 ஆகஸ்ட் 25-இல் வந்த டிரோன் விதிகள். அதற்கு முன் 25 படிவங்கள் இருந்தனவாம், இதில் 5 ஆகக் குறைத்தார்கள். அடுத்த மாதமே 'டிஜிட்டல் ஸ்கை' என்ற அரசுத் தளத்தில் நாட்டின் வான்வரைபடத்தை வெளியிட்டார்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறம். பச்சையில் 400 அடி வரை, அதாவது 120 மீட்டர் வரை, பறக்க அனுமதி கேட்க வேண்டாம். மஞ்சளில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையத்தின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் ஏற்றவே கூடாது.

தம்பி ஒரு தாளை எடுத்து, நடுவில் மீனம்பாக்கம் என்று புள்ளி வைத்து, சுற்றி வட்டம் போட்டான். விமான நிலையத்தின் சுற்றுச்சுவரிலிருந்து 5 கிலோமீட்டர் வரை சிவப்பு. 5 முதல் 8 வரை தரையிலிருந்தே மஞ்சள். 8 முதல் 12 வரை 200 அடிக்குள் பச்சை, அதற்கு மேல் மஞ்சள். "நம்ம மண்டபம் இந்தக் கடைசி வளையத்துல வருது டீச்சர். வேற நாளா இருந்தா 200 அடிக்குள்ள விட்டிருப்பேன்" என்றான். ஐந்தாம் வகுப்பில் காம்பஸ் பெட்டி கொண்டுவராமல் என்னிடம் திட்டு வாங்கியவன், எனக்கு வட்டம் போட்டுக் காட்டினான்.

அப்படியானால் அன்றைக்கு ஏன் கூடாது? இங்கேதான் நான் ஏமாந்தேன். வரைபடத்தின் நிறம் நிரந்தரமில்லை. அவசரத் தேவை வந்தால், எஸ்.பி. பதவிக்குக் குறையாத அதிகாரி ஒரு பகுதியைத் தற்காலிகச் சிவப்பாக அறிவிக்கலாம். ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரை. அதனால் ஒவ்வொரு முறை பறப்பதற்கு முன்னும் தளத்தைப் பார்க்க வேண்டும் என்பது விதி. அவன் பார்த்திருக்கிறான். நான் அதைச் சாக்கு என்றேன்.

"அது மட்டுமில்ல டீச்சர். கடலுக்குப் போன படகு காணோம்னா கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர் தாழ்வா வரும். ஆள் இருக்கிற விமானத்துக்குத்தான் முதல் வழி. அந்த நேரத்துல கல்யாண வீடியோ எடுக்கிறேன்னு நான் மேல நின்னா என்ன ஆகும்?" என்றான். பக்கத்துக் குப்பத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் என் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள்! அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை.

அவனுடைய டிரோன் 250 கிராமுக்கு மேல், 2 கிலோவுக்குள். அந்த வகைக்கு 'மைக்ரோ' என்று பெயர். தனி அடையாள எண் வாங்கியிருக்கிறான், கட்டணம் 100 ரூபாய். தொழிலுக்குப் பயன்படுத்துவதால் பயிற்சி முடித்து ரிமோட் பைலட் சான்றிதழும் வைத்திருக்கிறான். வண்டிக்கு எடுப்பது போல மூன்றாம் நபர் காப்பீடும் இருக்கிறது. அன்றைக்கு விழுந்த டிரோனுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. அவனை மாற்றி, ஒன்றும் இல்லாதவனை வைத்துக்கொண்டோம்.

இனி உங்களுக்குச் சில வார்த்தைகள். வகுப்பு எடுக்கிறேன் என்று சலித்துக்கொள்ளாதீர்கள், பழக்க தோஷம்.

சிங்கப்பூர், துபாயில் இருக்கும் பிள்ளைகளே, லீவுக்கு வரும்போது டிரோன் வாங்கிக்கொண்டு வராதீர்கள். வெளிநாட்டு டிரோன் இறக்குமதிக்கு 2022 பிப்ரவரி 9 முதல் தடை இருக்கிறது. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற சில தேவைகளுக்குத்தான் விலக்கு. கல்யாணத்துக்கு விலக்கு இல்லை.

விசேஷம் வைத்திருப்பவர்கள், போட்டோக்காரரிடம் "டிரோன் உண்டா?" என்று மட்டும் கேட்காதீர்கள். அடையாள எண், பைலட் சான்றிதழ், காப்பீடு இருக்கிறதா என்று கேளுங்கள். விதியை மீறினால் அபராதம் 1 லட்சம் ரூபாய் வரை போகலாம். விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். எல்லாம் இருந்தும் அவர் "இன்னிக்கு வேண்டாம்" என்றால், தயவுசெய்து என்னைப் போலப் பேசாதீர்கள்.

சான்றிதழ் வாங்க எனக்கும் ஆசை வந்தது. பத்தாவது தேறியிருக்க வேண்டும், வயது 18 முதல் 65 வரை என்றான் தம்பி. எனக்கு 66. ஒரு வருஷம் முன்னால் கேட்டிருக்க வேண்டும்.

கிளம்பும்போது, "அன்னிக்குப் பேசினதுக்கு மன்னிச்சிடுடா" என்றேன். "ஐயோ, விடுங்க டீச்சர்" என்றான். அவன் விட்டுவிட்டான். அன்றைக்குக் கூடத்தில் சிரித்தவர்கள் எல்லாரும் இதைப் படிப்பார்கள் என்பதால்தான் இங்கே எழுதுகிறேன். அந்தப் பையன் சொன்னது சாக்கு இல்லை. வீட்டுப்பாடம் செய்யாதவள் நான்தான்.

அந்த அம்மாவுக்குக் கை ஆறிவிட்டது. மறுபடி கூடையோடு உட்காருகிறார். கடற்கரைப் பக்கம் போனால் ஒரு பொட்டலம் வாங்குங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்